வீட்டுத் தோட்டத்தில் பெட்டி வைத்தால் வௌவால் வந்து தங்குமா? அதை எப்படிச் செய்வது?

தங்கும், ஆனால் எல்லா வௌவாலும் இல்லை. கொய்யாவைத் தேடி வரும் பழந்தின்னிகளுக்குப் பெட்டி பயன்படாது. பெரியவை ஆலமரக் கிளைகளில் வெட்டவெளியில் தொங்கும். சிறியவை பனையோலைக்கு அடியிலும் நெட்டிலிங்கத்தின் அடர்ந்த தழைக்குள்ளும் தண்டுகளைக் கடித்துக் கூடாரம் அமைத்துக்கொள்ளும். பனையில் காய்ந்து தொங்கும் ஓலையை வெட்டாமல் விட்டாலே அவற்றுக்குப் பேருதவி. பெட்டிக்கு வரக்கூடியவை ஓட்டு இடுக்கிலும் பெயர்ப்பலகைக்குப் பின்னாலும் ஒண்டும், சில கிராமே எடையுள்ள பூச்சி தின்னும் வௌவால்கள்.

பெட்டி 60 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம் இருக்கட்டும். உள்ளே பலகைக்கும் பலகைக்கும் 2 செ.மீ. இடைவெளி. இதற்கு மேல் அகலமானால் குளவி கூடு கட்டிவிடும். அடிப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும், எச்சம் தானாகக் கீழே விழும். பின்பலகை 10 செ.மீ. கீழே நீளட்டும், வந்து பற்றி ஏறுவது அதில்தான். உட்புறம் முழுக்க ஒரு செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே கீறல் போடுங்கள். நைலான் வலை அடிக்காதீர்கள், நகமும் இறக்கைச் சவ்வும் சிக்கிக்கொள்ளும். உள்ளே பெயின்ட், வார்னிஷ், கரையான் மருந்து எதுவும் கூடாது.

நம் ஊரில் பெட்டி தோற்பதற்கு முக்கியக் காரணம் வெயில். உள்ளே 40 டிகிரியைத் தாண்டினால் பறக்கத் தெரியாத குட்டிகள் தவித்துக் கீழே விழும். அதனால் வெளியே வெள்ளை பெயின்ட் அடித்து, முன்பலகையில் அடியிலிருந்து 15 செ.மீ. மேலே ஒரு செ.மீ. உயரத்துக்குக் காற்றுப் பிளவு விடுங்கள். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். காலை வெயில் படும் கிழக்குச் சுவரிலோ இரும்புக் கம்பத்திலோ 4 முதல் 5 மீட்டர் உயரத்தில் மாட்டலாம். மரத்தில் கட்டினால் பூனையும் பாம்பும் எளிதில் ஏறும். வௌவால் கீழே சரிந்துதான் பறக்கத் தொடங்கும். எனவே பெட்டிக்கு அடியில் கிளை, கொடிக்கயிறு இருக்கக் கூடாது. அருகில் இரவு விளக்கும் எரியக் கூடாது.

குடியேற மாதங்கள் ஆகலாம், ஓரிரு வருடங்களும் ஆகலாம். எச்சத்தைப் பூசி வைத்தால் வரும் என்பதை நம்ப வேண்டாம். குட்டிகள் இருக்கும் காலத்தில் பெட்டியைத் தொடாதீர்கள்.

விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.