குப்பையைச் சுமந்து நகரும் பூச்சி எது என்று எப்படிக் கண்டறிவது?

செம்பருத்தி இலையின் மேல் தூசும் பஞ்சும் சேர்ந்த சிறு உருண்டை ஒன்று தானாக நகர்வதாகவும், அது என்ன புழு, மருந்து தெளிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மருந்து வேண்டாம். அது பெரும்பாலும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் இளம்புழுவாக இருக்கும். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவற்றைத் தின்னும் பூச்சி அது.

உறுதி செய்ய, முதுகுச் சுமையை விட்டுவிட்டுத் தலைப்பக்கத்தைக் கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை இரையின் உடலில் செருகிச் சாற்றை உறிஞ்சிய பின், வற்றிய தோலைத் தூக்கி, தலையைப் பின்னுக்கு வளைத்துத் தன் முதுகிலேயே ஏற்றிக்கொள்ளும்; முதுகிலுள்ள வளைந்த முடிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஈரத் தூரிகையின் நுனியால் சுமையில் கொஞ்சம் விலக்கிவிட்டுப் பஞ்சுத் துணுக்கு ஒன்றை அருகில் வைத்தால், மறுபடி பொறுக்கத் தொடங்குவதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

இந்த வேடம் பறவைகளின் கண்ணில் படாமல் இருக்க மட்டும் அன்று. பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரும் உடனாய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஆல்டர் மரத்து அசுவினியின் வெண்மெழுகைப் பிடுங்கிப் போர்த்திக்கொள்ளும் கண்ணாடி இறக்கைப் பூச்சி இளம்புழுக்களின் மெழுகை நீக்கிவிட்டபோது, அசுவினிக்குக் காவல் நிற்கும் எறும்புகள் அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தின. மெழுகோடு இருந்தவற்றுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவாகவே இருந்தது. இத்தனைக்கும் இது புதிய தந்திரமும் அன்று: ஸ்பெயினில் கிடைத்த, சுமார் 11 கோடி ஆண்டு பழமையான மரப்பிசின் புதைபடிவத்துக்குள்ளேயே குப்பை சுமந்த இளம்புழு ஒன்று இருக்கிறது.

குழப்பம் தரக்கூடியவை சில உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே வெள்ளை மெழுகு இழைகளோடு திரிவது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். அந்த இழைகள் அதன் உடலே சுரந்தவை, அரிவாள் தாடையும் அதற்கு இல்லை. அதுவும் நன்மை செய்வதே. குச்சியும் இலைத்துண்டும் ஒட்டிய பைக்குள் குடியிருந்து, தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டிப் பையை இழுத்துச் செல்வது பைப்புழு. இலையைத் தின்னும் இதை மட்டும் கையால் பறித்து அகற்றிவிடுங்கள். வீட்டு மூலையில் மண்ணும் எறும்புச் சடலங்களும் சுமந்து, நீண்ட உணர்கொம்புகளோடும் தலைக்கடியில் மடங்கிய ஒற்றை அலகோடும் நடப்பது கொலைகார நாவாய்ப் பூச்சியின் குஞ்சு. குத்தினால் நன்றாக வலிக்கும், கையால் எடுக்காதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும் சுமை தூக்குவதில்லை. பூச்சிக்கட்டுப்பாட்டுக்காக வளர்த்து விடப்படும் கிரைசோபெர்லா என்ற வகையின் புழு வெறும் முதுகோடுதான் திரியும். தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயை உண்ணும் அபெர்டோகிரைசா அஸ்டர் என்ற இன்னொரு வகையின் புழுவோ குப்பை சுமப்பது.

உங்கள் செடியில் மாவுப்பூச்சி மிகுதியாக இருந்தால், இளம்புழுவை ஒரு காகிதத் துண்டில் ஏற்றி வேறு கிளைக்கு மாற்றிவிட்டு, மோசமான கிளைகளை மட்டும் வெட்டி எடுங்கள்.