கேளுங்க டீச்சர்: ஃபீஸ் பாக்கி இருந்தா டிசி தரமாட்டாங்களா?

கேள்வி: டீச்சர் வணக்கங்க. நாங்க திருப்பூருங்க, நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலைக்குத்தான் போறோம். போன வருஷம் அவருக்கு கால்ல அடிபட்டு நாலு மாசம் வீட்டோட கிடந்ததுல பையனோட கடைசி ரெண்டு டெர்ம் ஃபீஸ் கட்ட முடியலைங்க. அஞ்சாவது முடிச்சிட்டான். ஆறாவது கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்த்துடலாம்னு டிசி கேட்டா, 18,500 பாக்கி கட்டுங்க, அப்பத்தான் டிசின்னு சொல்லிட்டாங்க. அஞ்சு தடவ லீவு போட்டு நடந்துட்டேன். இந்தப் பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்லயும் டிசி கொண்டாங்கம்மா பாக்கலாம்ங்கறாங்க. ஸ்கூல் திறந்து பத்து நாளாச்சு, பையன் வீட்லயே இருக்கானுங்க. என்ன பண்றது?

பதில்: முதல்ல பையன நாளைக்கு காலைல யூனிஃபார்ம் இல்லாட்டியும் பரவால்லன்னு கவர்மெண்ட் ஸ்கூலுக்கு கூட்டிட்டு போங்கம்மா. டிசி வர்றது வரட்டும், அவன் கிளாஸ்ல உக்காரட்டும். நான் ஆசைக்கு சொல்லல, சட்டமே அதைத்தான் சொல்லுது. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 5-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறணும்னா பழைய ஸ்கூல் ஹெச்எம் உடனே டிசி கொடுக்கணும், டிசி வர லேட்டாகுதுன்னு காரணம் காட்டி புது ஸ்கூல் அட்மிஷன தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது, இழுத்தடிக்கிற ஹெச்எம் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்னு கூட அதுலயே இருக்கு. இத ஒரு தாள்ல எழுதிட்டு போய் புது ஸ்கூல் ஹெச்எம்கிட்ட பணிவா காட்டுங்க. நானும் ஹெச்எம்மா இருந்தவதான், அவங்க பயம் எனக்குத் தெரியும், நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு நினைப்பாங்க. பிரிவு நம்பரோட எழுத்துல ஒரு தாள் கையில இருந்தா அவங்களுக்கும் தைரியமா இருக்கும்.

அடுத்து அந்த 18,500. பாக்கி உண்மைன்னா அது நீங்க கட்ட வேண்டிய கடன்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கடனுக்கு பிள்ளையோட சர்டிஃபிகேட்ட பிடிச்சு வச்சுக்கறது தப்பு. 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்ல நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ரெண்டு பேரும் இத பளிச்சுன்னு சொல்லிட்டாங்க, டிசிங்கறது ஃபீஸ் பாக்கி வசூல் பண்ற கருவி கிடையாது, டிசில ஃபீஸ் பாக்கின்னு எழுதவும் கூடாது, பாக்கி வேணும்னா ஸ்கூல் சட்டப்படி பெத்தவங்ககிட்ட வாங்கிக்கணும்னு. சிலர் டிசிய கொடுத்துட்டு சிவப்பு இங்க்ல பாக்கின்னு எழுதி அனுப்புவாங்க, அப்படிக் குடுத்தா வாங்காதீங்க, அங்கேயே நின்னு மாத்தித் தரச் சொல்லுங்க.

இப்ப நீங்க பண்ண ஒரே தப்பு என்னன்னா அஞ்சு தடவையும் வாயாலயே கேட்டுட்டு வந்தது. அஞ்சு தடவ போனதுக்கு உங்க கையில ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல, நாளைக்கு அவங்க "யாரும் கேக்கவே இல்லையே"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? ஒரு வெள்ளைத்தாள்ல எழுதுங்க, பெரிய தமிழெல்லாம் வேண்டாம்: "என் மகன் உங்கள் பள்ளியில் 5-ஆம் வகுப்பு முடித்துள்ளான். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன். கட்டண பாக்கி விவரத்தை தனியே எழுத்து மூலம் தரவும், தவணையில் செலுத்துகிறேன்." பேரு, வகுப்பு, பிரிவு, இஎம்ஐஎஸ் நம்பர் (கல்வித்துறையோட கம்ப்யூட்டர் பதிவுல பையனுக்கு இருக்கற நம்பர்), தேதி, கையெழுத்து. ரெண்டு காப்பி. ஒண்ண கொடுத்துட்டு இன்னொண்ணுல சீலும் தேதியும் போட்டு வாங்குங்க. போட மாட்டேன்னாங்கன்னா சண்டை வேண்டாம், அதே நாள் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வைங்க.

பாக்கி விவரம் வந்ததும் உக்காந்து பாருங்க. அரசு கட்டண நிர்ணயக் குழு அந்த ஸ்கூலுக்கு எவ்ளோன்னு நிர்ணயிச்சிருக்கோ அதோட ஒத்துப் பாருங்க. ஜூன்ல டிசி கேட்டீங்கன்னு அடுத்த வருஷ முதல் டெர்மையும் சேர்த்து போட்டிருப்பாங்க சில இடத்துல, பையன் படிக்கவே போறதில்லயே அதுக்கு எதுக்கு காசு.

ஒரு வாரம் பாத்துட்டு பதில் இல்லைன்னா, தனியார் பள்ளிகளுக்குன்னே உங்க மாவட்டத்துல ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் (டிஇஓ) இருக்கார், சீல் போட்ட காப்பியோட ஜெராக்ஸ் வச்சு அவருக்கு மனு கொடுங்க. கல்வித்துறை உதவி எண் 14417-க்கு போன் பண்ணியும் சொல்லலாம், கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனுவும் கொடுக்கலாம். பெரும்பாலும் டிஇஓ ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போனாலே டிசி ரெடியாயிடும்.

இதுல இன்னொண்ணு இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. தாள்ல டிசி வாங்கினா மட்டும் பத்தாது, பழைய ஸ்கூல் இஎம்ஐஎஸ்ல பையன் பேர விடுவிச்சு காமன் பூலுக்கு (ஸ்கூல் மாறுற பிள்ளைங்க பேரு இருக்கற பொது லிஸ்ட்) அனுப்பினாத்தான் புது ஸ்கூல் அவன தங்கள் லிஸ்ட்ல எடுக்க முடியும். அது ஆச்சான்னு புது ஸ்கூல்லயே கம்ப்யூட்டர்ல பாக்கச் சொல்லுங்க. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு 6-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைங்களுக்குத்தான், காலேஜ் படிக்கறப்ப மாசம் 1000 ரூபா கிடைக்கிற தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் அதே ஆறாவதுல இருந்து கணக்குதான் பாக்கறாங்க. அதனால ஆறாவது அட்மிஷன் இந்த வருஷமே சுத்தமா பதிவாகணும்.

நான் ஹெச்எம்மா இருந்தப்ப ஒரு பொண்ணு இப்படித்தான் டிசி வராம மூணு வாரம் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஒவ்வொரு நாளும் பேனாவ கீழ வச்சிட்டு தலைய நிமித்திப் பாக்கும், இன்னிக்காவது நம்ம பேர் வருமான்னு. பேர் வந்த அன்னிக்கு "உள்ளேன் டீச்சர்"னு கத்துன கத்துல பக்கத்து கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சு. உங்க பையனுக்கும் அது சீக்கிரம் வரணும்மா.

கேள்வி: டீச்சர், பொண்ணு ஒன்பதாவது படிக்குது. பிறப்புச் சான்றிதழ்ல பிறந்த தேதி 12, ஸ்கூல் ரெக்கார்டுல 21-ன்னு இருக்கு. பத்தாவது முடிச்சிட்டு மாத்திக்கலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க, அப்படிச் செய்யலாமா? (ராமநாதபுரத்துல இருந்து ஒரு அப்பா)

பதில்: வேண்டாம் தம்பி, இப்பவே மாத்துங்க. பத்தாவது பொதுத்தேர்வுக்கு பெயர்ப்பட்டியல் போறது இஎம்ஐஎஸ்ல இருக்க விவரத்த வச்சுத்தான், அதுல இருக்கறதுதான் மார்க் ஷீட்ல அச்சாகி வரும். வந்தப்புறம் திருத்தணும்னா ஸ்கூல் மூலமா தேர்வுத்துறைக்கு எழுதி ஆவணம் எல்லாம் அனுப்பி அலையணும். இப்பன்னா பிறப்புச் சான்றிதழ் காப்பியோட ஹெச்எம்முக்கு ஒரு லெட்டர், அவ்ளோதான் ஆரம்பம். பத்தாவதுல விவரத்த சரிபாத்து கையெழுத்து போடச் சொல்லி ஒரு தாள் வரும், பொண்ணு பையிலயே வச்சு கசக்கிடாம நீங்களே வாங்கி, பேரு, இனிஷியல், பிறந்த தேதி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுத்து எழுத்தா பாத்துட்டு கையெழுத்து போடுங்க.