நாடகத்துறைக்குப் போகும் மகளுக்கு வீட்டு வாழ்க்கை வாய்க்குமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் படிப்பை முடித்ததும் எந்த நாடகக் குழுவிலும் நிரந்தரமாகச் சேராமல், ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டு ஃப்ரீலான்ஸாக வேலை செய்ய விரும்புகிறாள். வருமானத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசி வரியில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்: "நாளைக்கு அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு குழந்தை என்று ஆனால் இதை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பாள்?" அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திறமை இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. நல்ல திறமையும் தீராத ஆசையும் இருந்தும் நாடகத்தை விட்டு விலகியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலரை விலக வைத்தது வீடும் வேலையும் ஒரே நேரத்தைக் கேட்டதுதான். கேட்கப்போவது எந்த நேரம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அவர்களில் சிலராவது இன்றும் அரங்கில் இருந்திருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாடக வேலையில் மணிக்கணக்கைவிட அந்த மணி எங்கே விழுகிறது என்பதுதான் சிக்கல். மற்றவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அரங்கில் வேலை ஆரம்பிக்கிறது. ஊரே ஓய்வெடுக்கும் நாட்களில் பகலில் ஒரு காட்சி, இரவில் ஒரு காட்சி. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வாரத்துக்கு 8 காட்சிகள் என்பது வழக்கம். விடுமுறை பெரும்பாலும் திங்கட்கிழமை. அன்று குழந்தை பள்ளியில் இருக்கும், கணவர் அலுவலகத்தில் இருப்பார். போதாததற்கு, வேலை சீராகவும் வராது. சில வாரங்கள் ஒன்றுமே இருக்காது; பிறகு அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் வந்து மொத்தமாக விழுங்கிவிடும்.

அந்த வாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்கு அது புரியாது. அதைத் தொழில்நுட்ப ஒத்திகை என்பார்கள். இருண்ட அரங்கில் பார்வையாளர் இருக்கைகளின் மேல் பலகை போட்டு, அதில் ஒரு சின்ன விளக்கு வைத்து, காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நடிகர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அந்த நொடியில் ஒளி மாற வேண்டும், ஒலி நிற்க வேண்டும், பின்திரை நகர வேண்டும். மூன்றும் ஒன்றாக நடக்கவில்லை என்றால் நடிகர் மறுபடி கதவுக்கு வெளியே போய் நிற்பார். அரை நிமிடக் காட்சிக்கு ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். அமெரிக்காவில் நடிகர் சங்க ஒப்பந்தங்களிலேயே 12 மணி நேரத்துக்குள் 10 மணி நேரம் வேலை வாங்கும் நாட்களுக்கு இடம் உண்டு. அது மனிதர்களைப் பிழிகிறது என்று சொல்லி அண்மை ஆண்டுகளில் பல அரங்குகள் அதைக் கைவிட்டிருக்கின்றன. ஒளியமைப்பாளரும் மேடை நிர்வாகியும் நடிகர்களுக்கு முன்பே வந்து, அவர்கள் போன பிறகுதான் கிளம்புவார்கள். அப்படி வீடு திரும்புகிறவரிடம் குழந்தையின் பள்ளித் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், என்ன கேட்கிறீர்கள் என்பதே ஒரு கணம் புரியாமல் விழிப்பார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளும் குடும்பங்களில்தான் சண்டை வருகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. "நாடக வேலை" என்று ஒரே வேலை கிடையாது. ஒவ்வொரு பொறுப்பும் ஒவ்வொரு விதமாக நேரத்தைக் கேட்கிறது. உங்கள் மகள் எந்தப் பொறுப்பு தனக்குப் பிடிக்கும் என்று யோசித்திருக்கிறாள். அந்தப் பொறுப்பு நாளின் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதையும் அவள் இப்போதே யோசிக்க வேண்டும்.

அவள் மனத்தில் இருப்பது மேடை நிர்வாகமும் ஒளியமைப்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலைகள். வீட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் இரண்டு வாழ்க்கை. மேடை நிர்வாகி முதல் ஒத்திகைக்கு முன்பே வந்து, கடைசிக் காட்சி முடியும்வரை இருக்க வேண்டும். வசனப் பிரதியின் ஓரத்தில் எந்தச் சொல்லில் எந்த விளக்கு, எந்த ஒலி என்று குறித்து வைத்து, ஒவ்வொரு இரவும் அதைப் பார்த்துக் கட்டளை கொடுக்கிறவர் அவர். காட்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும், அன்று எத்தனை நிமிடம் ஓடியது, எது உடைந்தது, யாருக்கு அடிபட்டது என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நாடகம் மூன்று மாதம் ஓடினால் மூன்று மாத மாலைகளும் அவருடையவை அல்ல. அதற்கு ஈடாக, அத்தனை வாரங்களுக்கும் சம்பளம் வரும், பகலின் பெரும்பகுதி வீட்டுக்குக் கிடைக்கும்.

ஒளியமைப்பாளரின் கதை வேறு. பிரதியைப் படிப்பது, வரைபடம் போடுவது, விளக்குகளின் பட்டியல் தயாரிப்பது எல்லாம் வீட்டு மேசையிலேயே நடக்கும். இடையில் சில ஒத்திகைகளுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு அந்தத் தொழில்நுட்ப வாரம் அவரை முழுதாக எடுத்துக்கொள்ளும். அரங்கேற்றம் முடிந்த மறுநாள் அவர் சுதந்திரமானவர். அதன்பின் ஒவ்வொரு இரவும் விளக்குப் பலகையில் உட்கார்வது அதை இயக்குகிற வேறொருவர். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு நாடகத்துக்கு ஒரே தொகை என்பதால், பிழைப்புக்கு ஆண்டில் பல நாடகங்களை ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அப்போது தொழில்நுட்ப வாரங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும்.

நடிகர்களுக்கு ஒத்திகைக் காலத்தில் பகல் போகும், காட்சிக் காலத்தில் இரவு போகும். உடை தைப்பவர்கள், அரங்கப் பொருட்கள் செய்பவர்கள் ஓரளவு அலுவலக நேரத்தில் பட்டறையில் வேலை செய்யலாம். ஊர் ஊராகப் போகும் நாடகம் என்றால் காலையில் சாமான்களை இறக்கிப் பொருத்தி, மாலையில் காட்சி நடத்தி, இரவோடு இரவாகப் பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போவது. இளம் வயதில் அது அருமையான பள்ளிக்கூடம். கைக்குழந்தையோடு அது மிகக் கடினம்.

ஒரே பொறுப்பில் ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருபதுகளில் சுற்றுப்பயண நாடகங்களில் கற்றுக்கொண்டு, குழந்தை சின்னதாக இருக்கும் ஆண்டுகளில் வடிவமைப்புப் பக்கமோ பயிற்சி வகுப்புப் பக்கமோ நகர்ந்து, பிறகு திரும்பி வருகிறவர்கள் உண்டு. அப்படி நகர வேண்டுமென்றால் இரண்டு வேலைகள் கைவசம் இருக்க வேண்டும். அதனால் மேடை நிர்வாகம், ஒளியமைப்பு இரண்டையும் அவள் கற்றுக்கொள்வது நல்லது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இப்போதே நெருக்காதீர்கள்.

வீட்டில் நாட்காட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இந்தத் துறையில் உறுதியாகாத தேதிகளைப் பென்சில் தேதி என்பார்கள். "அந்த இரண்டு வாரங்களை எங்களுக்காகப் பென்சிலில் குறித்துக்கொள்" என்று குழு கேட்கும். ஒப்பந்தம் வந்த பிறகுதான் அது மையாகும். வீட்டு நாட்காட்டியிலும் அப்படியே செய்யலாம். உறுதியானதை மையால், ஆகாததைப் பென்சிலால் எழுதுங்கள். அதே நாட்காட்டியில் திருமணம், தேர்வு, மருத்துவமனைத் தேதி போன்ற வீட்டு நாட்களையும் மையால் எழுத வேண்டும். வீட்டு நாள் எப்போதும் பென்சிலிலேயே கிடந்தால், வருகிற ஒவ்வொரு வாய்ப்பும் அதை அழித்துவிட்டுப் போகும். ஞாயிறு கிடைக்காதென்றால் வாரத்தில் வேறொரு நாளை, வேறொரு வேளையைக் குடும்பத்துக்கென்று குறித்துக்கொள்ளலாம். குழந்தைக்கு அது எந்தக் கிழமை என்பது முக்கியமில்லை, தவறாமல் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

தொலைபேசி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரிய மனத்தாங்கல்கள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. திரை உயர்வதற்கு 35 நிமிடம் முன்பு, அதாவது நடிகர்கள் மேடைக்குத் தயாராக வந்து நிற்க வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பு, "அரை மணி" என்று அறிவிப்பது பிரிட்டிஷ் அரங்குகளில் நெடுநாள் மரபு. அதன்பின் குழுவில் யாரும் அரங்கை விட்டு வெளியே போகக் கூடாது, கைபேசி அணைந்திருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்? அரங்க அலுவலகத்தில் எப்போதும் எடுக்கக்கூடிய ஓர் எண் வீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு புது நாடகத்துக்கும் அந்த எண் மாறும். அதைக் கேட்டு வாங்குவதை முதல் நாள் வேலையாக அவள் வைத்துக்கொள்ளட்டும்.

குழந்தை வந்த பிறகு கஷ்டத்தைக் கூட்டுவது இன்னொரு பழக்கம். நாளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது பல குழுக்களில் இன்று மாலைதான் தெரியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய அது போதாது. வாரத்துக்கான ஒத்திகை அட்டவணையை முன்கூட்டியே கொடுங்கள், என் பகுதி இல்லாத நேரத்தில் என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. பிரிட்டனில் கலைத்துறையில் இருக்கும் பெற்றோருக்காகவும் பராமரிப்பாளர்களுக்காகவும் ஓர் அமைப்பே இதற்காக வேலை செய்கிறது. கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்ற பயம் இந்தத் துறையில் ஆழமாக இருக்கிறது. அமெரிக்க நடிகர் சங்கம் 1913-இல் தொடங்கியபோது வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் ஒத்திகை பார்ப்பதே சாதாரணமாக இருந்தது. கேட்டவர்கள் இருந்ததால்தான் அது மாறியது.

இப்போது வருமானம். பிரான்சில் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்த மேடைக் கலைஞர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும், வேலை இல்லாத இடைவெளிகளில் உதவித்தொகை தரும் முறை இருக்கிறது. அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லாத இடத்தில் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். வருகிற பணம் முழுவதும் ஒரு கணக்கில் சேரட்டும். அதிலிருந்து மாதாமாதம் ஒரே தொகையை வீட்டுக் கணக்குக்குச் சம்பளம்போல மாற்றட்டும். வரிக்கான பங்கைப் பணம் வந்த அன்றே ஒதுக்கிவிட வேண்டும். வேலை மிகுந்த மாதத்தின் வருமானத்தை வைத்து வாழ்க்கையைத் திட்டமிடவே கூடாது. தொகை பேசுகையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒரு பங்கு, வடிவமைப்பைக் கொடுக்கும்போது ஒரு பங்கு, அரங்கேற்றத்தன்று மீதி என்று பிரித்துக் கேட்பது வடிவமைப்பாளர்களிடையே உள்ள பழக்கம். நாடகம் பாதியில் நின்றுபோனால் அதுதான் காப்பாற்றும். கூடவே ஒரு பக்கத்து வேலை வேண்டும். அது தொழில்நுட்ப வாரத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும்: பயிற்சி வகுப்புகள், நிகழ்ச்சிகளுக்கு ஒளியமைப்பு, குரல் பதிவு போன்றவை. தினமும் ஒன்பது மணிக்குப் போக வேண்டிய வேலை ஒத்துவராது.

அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "நிலையான வேலைக்கு எப்போது போகப்போகிறாய்?" என்று அரங்கேற்ற வாரத்தில் கேட்காதீர்கள். அதை நாடகம் முடிந்து அவள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பேசலாம். பல மாதம் உழைத்த ஒன்று ஒரே இரவில் பிரித்து அடுக்கப்பட்ட மறுநாள் ஒரு வெறுமை வரும். அனுபவசாலிகளுக்கும் வரும். அந்த நாட்களில் அவள் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், "விட்டுவிடப் போகிறேன்" என்று சொன்னால்கூட. உதவி செய்ய விரும்பினால் தேதி குறித்துச் செய்யுங்கள். "எப்போது வேண்டுமானாலும் நான் இருக்கிறேன்" என்பதைவிட "அந்த வாரம் முழுக்க உன் வீட்டில் இருக்கிறேன்" என்பது அவளுக்குப் பெரிய பலம். வருங்காலத்தில் அவளோடு வாழப்போகிறவருக்கும் இந்த நாட்காட்டி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை மறைத்து அமையும் திருமணம் இருவருக்குமே அநியாயம்.

அவளுக்கு வந்திருக்கும் ஆறு மாதச் சுற்றுப்பயண நாடக ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, கையெழுத்துப் போடலாம் என்பதே என் கருத்து. அதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்: ஓய்வு நாள் எது, பயண நாளுக்குச் சம்பளம் உண்டா, நள்ளிரவுக்குப் பிறகு வேலை முடிந்தால் வீட்டுக்கோ விடுதிக்கோ யார் கொண்டுபோய் விடுவார்கள், காட்சி ரத்தானால் தொகை என்னவாகும். பதில்கள் வந்ததும் ஒப்பந்தத்தோடு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மூவரும் உட்கார்ந்து அந்த ஆறு மாதத்தையும் நாட்காட்டியில் எழுதிப் பார்ப்போம்.