மைதானமும் மதிப்பெண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் விளையாட்டைப் பற்றியவை மிகுதியாக இருந்ததால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் தினமும் மாலையில் ஹாக்கி ஆடப் போவான். இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்பதால் மட்டையை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டோம். அன்றிலிருந்து எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாங்கள் செய்தது சரிதானா?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: ஹாக்கிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, அம்மா! 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் உங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர்கள்தாம். ஆனால் உங்கள் மகனும் அப்படி வருவான் என்ற நம்பிக்கையில் மட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவன் மாவட்ட அணிக்குக்கூடத் தேர்வாகாமல் போகலாம். அப்படியே போனாலும் அவனுக்கு அந்த மாலை நேரம் தேவை என்பதுதான் என் கருத்து.

ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலக அளவில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த அளவை எட்டுவதில்லை என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. நம் பள்ளிகளின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். பொதுத்தேர்வு வகுப்புகளில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவதும், அந்தக் கடன் ஒருபோதும் திரும்பி வராததும் பரம்பரை வழக்கம். பள்ளியில் பறிபோன நேரத்தை உங்கள் மகன் மாலையில் தானாகத் தேடிக்கொண்டான். அதையும் நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

அவ்வாறு மிச்சப்படுத்திய ஒரு மணி நேரம் உண்மையிலேயே பாடப் புத்தகத்துக்குப் போகிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது கைப்பேசிக்குத்தான் போகிறது. ஓடியாடிக் களைத்தவனுக்கு இரவில் நல்ல தூக்கம் வரும். நன்றாகத் தூங்கியவனுக்கு விடியற்காலையில் படித்தது மனத்தில் நிற்கும். ஆகவே அறவே நிறுத்துவதைவிட அளவு வகுப்பதே நல்லது. வெளியூர்ப் போட்டிகளை இந்த ஓராண்டு தவிர்க்கச் சொல்லலாம். தேர்வு நெருங்கும் வாரங்களில், கையில் காலில் அடிபடும் அபாயம் இருப்பதால், ஆட்டத்தை விட்டுவிட்டு ஓட்டப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். அந்த அட்டவணையை அவனே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இதற்கு நேர்மாறான ஆசையும் சில வீடுகளில் உண்டு. குகேஷ் 2024இல் தமது 18ஆவது வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனதிலிருந்து, நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரப் பள்ளியை விட்டதை எடுத்துக்காட்டி, எங்கள் பிள்ளையையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. மருத்துவரான அவருடைய தந்தை, தம் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு நாடு நாடாகச் சென்றார். அப்படி ஒரு வாய்ப்பும் திறமையும் ஒரே வீட்டில் கூடுவது மிக அரிது. அதை விதியாக்கிப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்பதை நம்பிக் கபடியில் இறங்கலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: வேலைக்காக மட்டும் என்றால் வேண்டாம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் உண்டு. ரயில்வேயும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் சில வங்கிகளும் வீரர்களைப் பணியில் எடுப்பதும் உண்மையே. ஆனால் அங்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். பொங்கலுக்கு ஊர்த் திடலில் வாங்கிய கோப்பைகள் வீட்டு அலமாரியை நிறைக்குமே தவிர, விண்ணப்பத்துக்கு உதவா.

கேள்வி: விளையாட்டு மக்களை ஒன்றுசேர்க்கிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி நடந்தால் அடிதடியில் முடிகிறது. எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் கண்ணால் கண்டதை நம்புங்கள், ஐயா. தெருவுக்கொரு அணி என்று நாம் சொல்கிறோம். தெருக்களே சாதிவாரியாக இருக்கும் ஊரில் அது சாதிக்கொரு அணி என்றுதான் ஆகும். களத்தில் ஒரு பிடியில் தொடங்கும் வாய்த்தகராறு ஊருக்குள் கைகலப்பாகிறது. இதில் விளையாட்டைக் குறை சொல்வதைவிட அணி பிரித்தவர்களைக் குறை சொல்வதே நியாயம். கபடியின் விதியையே பாருங்கள். பாடிப் போனவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால், வெளியே உட்கார்ந்திருக்கும் தம் அணிக்காரர்களில் முதலில் வெளியேறியவர் முதலில் உள்ளே வருகிறார். நட்சத்திர ஆட்டக்காரர் என்பதற்காக வரிசையை மாற்ற முடியாது. தோழன் எப்போது மீட்பான் என்று கோட்டுக்கு வெளியே காத்திருக்கும் அந்த அனுபவத்தை, வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் இருந்து பெற்றால் விளைவு வேறாக இருக்கும். ஆகவே உங்கள் ஊர்ப் போட்டியை நடத்துபவர்களிடம், பெயர்களைச் சீட்டுப் போட்டுக் குலுக்கி அணி பிரிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு முணுமுணுப்பார்கள். பெற்றவர்களே வந்து தடுத்தாலும் வியப்பதற்கில்லை.

பார்வையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் போட்டியில், 271 ஓட்ட இலக்கைத் துரத்திய இந்தியா 12 ஓட்ட வித்தியாசத்தில் பாகிஸ்தானிடம் தோற்றது. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் ஆட்டமிழந்த போட்டி அது. அரங்கம் முதலில் உறைந்துபோனது; பிறகு சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரம் தலைமையிலான பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கத் தெரிந்த கூட்டம் இந்த மாநிலத்தில்தான் இருந்தது. மேடைப் பேச்சாளர்கள் சொல்வது முழுப் பொய்யும் அன்று.

கேள்வி: எங்கள் பகுதி மன்றத்தில் இளைஞர்கள் எந்நேரமும் கேரம் ஆடுகிறார்கள். இதனால் யாருக்கு என்ன பயன்?
– குடியிருப்போர் சங்க உறுப்பினர், வடசென்னை

பதில்: வடசென்னையில் இருந்து இந்தக் கேள்வி வந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் கேரமுக்காக அர்ஜுனா விருதே பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, உங்கள் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆயினும் பதக்கத்தைக் காட்டி உங்களை மடக்க நான் விரும்பவில்லை. ஒரு மாலை அந்த மன்றத்துக்குள் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். போரிக் பவுடர் தூவிய பலகையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். ‘ரெட்’ எனப்படும் சிவப்புக் காயைப் போட்டவன், அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய ‘ஃபாலோ’ காயைத் தவறவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்பே சிவப்புக் காயை எடுத்து நடுவில் வைத்துவிடுவான். அங்கே நடுவர் கிடையாது. வேலை இல்லாத இளைஞர்களுக்கு மாலையில் போய் உட்கார, காசு கேட்காத இடங்கள் நம் நகரங்களில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்த மன்றத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள். எந்நேரமும் ஆடுகிறார்கள் என்பது மட்டும் குறைதான்; இரவு பத்து மணிக்குப் பூட்டச் சொல்வதற்கு உங்கள் சங்கத்துக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எனக்கு 52 வயது. பள்ளி நாளில் பூப்பந்து (கம்பளிப் பந்தால் ஆடும் பால் பேட்மின்டன்) ஆடியவள். இப்போது நடைப்பயிற்சி மட்டும்தான். அது போதுமா, மீண்டும் ஆடலாமா?
– குடும்பத் தலைவி, திருச்சி

பதில்: தாராளமாக ஆடலாம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை நல்லதே. ஆனால் அதோடு வாரத்தில் இரு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவ உலகம் வற்புறுத்துகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி விரைந்து குறைவதால், இது உங்கள் வயதில் இன்னும் முக்கியம். நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு இறங்குவதால், முழங்காலையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்; முதல் மாதம் புள்ளி எண்ணாமல், பந்தைத் தட்டிப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையான தடை உடம்பில் இல்லை, இடத்தில் இருக்கிறது. நகராட்சித் திடல்கள் மாலை ஆனதும் ஆண்களுக்கும் பையன்களுக்கும் உரியவை ஆகிவிடுகின்றன. பெண்கள் ஓரமாக நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூப்பந்துக்கு அணிக்கு ஐவர் வேண்டும். உங்கள் தெருவிலேயே பத்துப் பெண்களைத் திரட்டி, வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு முதல் ஏழு மணி வரை திடலில் ஒரு களத்தை ஒதுக்கித் தருமாறு, எல்லோரும் கையெழுத்திட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வார்டு உறுப்பினருக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.