எஃப்எல்டிஜியைத் தொகுக்கும்போது 'எஃப்எல்டிகே இல்லை' என்ற பிழை ஏன் வருகிறது?

எஃப்எல்டிஜி என்பது அமெச்சூர் வானொலியில் கணினி வழியாகச் செய்திகளை அனுப்பவும் பெறவும் உதவும் நிரல். உபுண்டுவில் அதன் சாளரங்களை வரையும் எஃப்எல்டிகே நூலகம் இருந்தும், தொகுப்புக்கு முன் தேவையானவை உள்ளனவா என்று சோதிக்கும் கன்ஃபிகர் அதை ஏற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நிரலை இயக்க நூலகம் போதும். மூலநிரலிலிருந்து தொகுக்க (கம்பைல் செய்ய) அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும்; நூலகத்தில் என்னென்ன உள்ளன என்று தொகுப்பானுக்குச் சொல்பவை அவை. உபுண்டு போன்ற டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் அவை பெயர் 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியில் இருக்கும். அதை நிறுவினால் இந்தப் பிழை போய்விடும்.

அதைவிட முக்கியமான ஒன்று: கன்ஃபிகர் முடிந்ததும் திரையில் வரும் சுருக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். வானொலியைக் கணினியிலிருந்து கட்டுப்படுத்த உதவும் ஹாம்லிப் நூலகம் கிடைக்காவிட்டாலும் தொகுப்பு நிற்காது. 'நோ' என்று ஒரு சொல் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். நிரல் திறக்கும், அலைகளும் திரையில் ஓடும்; ஆனால் ஹாம்லிப் வழியாக வானொலியின் அலைவரிசையை மாற்ற முடியாது. நான் ஒரு மாலை முழுவதும் கேபிளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தது இதனால்தான்.

வானொலியின் கேபிள் இணையும் தொடர்முனையை (சீரியல் போர்ட்) திறக்க அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.