குளவிக்கொட்டும் பத்து நிமிடப் பயிற்சியும்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சிறிய வைத்தியசாலையில் தாதியாகப் பணிபுரிகிறேன். அவசர சிகிச்சைப் பயிற்சிகள் கொழும்பிலோ கண்டியிலோதான் நடக்கின்றன. விடுமுறை கேட்டால் கடமைக்கு ஆளில்லை என்கிறார்கள். உயிர்காப்புப் பயிற்சி பெற்று 3 வருடங்கள் ஆகிவிட்டன. இங்கிருந்தபடியே என்ன கற்க முடியும்?

வாசகி ஒருவர்

அன்புள்ள மகளுக்கு,

விடுமுறை கிடைத்தால் அவசியம் போய் வாருங்கள். ஆனால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் கைப்பழக்கம், பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். கொழும்புக்குப் போய் வந்தவரும் தம் வைத்தியசாலையில் மறுபடி மறுபடி பழகத்தான் வேண்டும்.

நான் வைத்தியராகப் பணியில் இருந்த காலத்தில், மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிய அம்மா ஒருவரைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உதடு வீங்கி, குரல் கம்மியிருந்தது. இத்தகைய கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின், 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில், குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்களில் எவரும் சொல்லியிருப்போம். ஆயினும் ஒருவர் ஒவ்வாமைக்குப் போடும் பிரிட்டோன் (Piriton) ஊசியைத் தேடினார். இன்னொருவர் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கரைத்தார். நானோ கையில் நாளம் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் போக வேண்டிய அட்ரினலின் பூட்டிய அலுமாரிக்குள் இருக்க, அதன் சாவி கடமை முடிந்து போனவரின் சட்டைப்பையில் இருந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அதில் எங்களுக்குப் பெருமை ஒன்றுமில்லை.

மறுநாள் தேநீர் வேளையில், யார் செய்த பிழை என்று கேளாமல், எங்கே தாமதித்தோம் என்று மட்டும் பேசினோம். அதன்பின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பத்து நிமிடம், எங்களில் ஒருவர் கட்டிலில் படுத்து நோயாளியாக நடிப்பார்; முதல் ஊசி தயாராக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார். மருந்தையும் அளவையும் வைத்தியர் சொன்னால், தாதி அதைத் திருப்பி உரக்கச் சொன்ன பிறகே ஊசியை எடுக்க வேண்டும். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் பதற்றத்தில் அளவு பிறழாமல் காப்பது அதுதான். சிற்றூழியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்சிசன் சிலிண்டரைத் திறக்கும் சாவி காணாமல் போயிருந்ததை முதல் பயிற்சியிலேயே கண்டுபிடித்தவர் எங்கள் சிற்றூழியர்தான்.

படிப்பதற்குக் கைப்பேசியே போதும். அவசர மருத்துவர்கள் இலவசமாகப் பகிரும் பாடங்களுக்கு 2012இல் டப்ளினில் மைக் கடோகன் என்ற அவசர மருத்துவர் முதலானோர் ‘ஃபோம்’ (FOAM) என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் நுரை என்றும் பொருள்படும் அந்தப் பெயர் கின்னஸ் பியர்க் கோப்பையின் முன்னால் பிறந்ததாம். ஒலிப்பதிவுகளும் படங்களும் ஏராளம். மருந்தளவை மட்டும் அங்கிருந்து எடுக்காமல், உங்கள் வைத்தியசாலை பின்பற்றும் வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களிடம் உள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். “தொண்டைய அடைக்குது, கண்ண இருட்டுது” என்று தோட்டத்து அம்மா சொல்வதன் அவசரம் தமிழ் தெரியாத வைத்தியருக்கு விளங்காமல் போகலாம். அவ்வாறான பத்துச் சொற்களை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். பதிலுக்கு ஈசிஜி வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த இரவுக் கடமையில் அவசர மருந்துத் தட்டைத் திறந்து, அட்ரினலின் குப்பியின் காலாவதித் திகதியையும், பக்கத்திலேயே ஊசி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.