டிரெட்மில்லா, சைக்கிளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு வயது 54, எடை 94 கிலோ, ஆறு வருடமாகச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். எங்கள் தெருவில் விடிகாலையில் நாய்த்தொல்லை, அவருக்கோ முட்டி வலி. மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். 30,000 ரூபாய்க்குள் டிரெட்மில் வாங்கலாம் என்கிறான் மகன். வாங்கலாமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா, வீட்டுக்குள்ளேயே வைத்து மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் வாங்குங்கள். அதிலும் முதுகு சாய்த்து உட்கார்ந்து மிதிக்கிற மாடல், கடையில் ரெகம்பன்ட் என்று கேட்டால் காட்டுவார்கள். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் பாரம் முட்டியில் இறங்குகிறது, சைக்கிளில் அந்தப் பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது. வலிக்கிற முட்டியோடு டிரெட்மில்லில் ஏறுகிறவர் நாலாம் நாள் "இன்றைக்கு வேண்டாம்" என்பார், பத்தாம் நாள் அதன் பக்கமே போக மாட்டார். அது அவர் சோம்பேறித்தனம் இல்லை, வலி.

உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் டிரெட்மில்கள் பலவும் 94 கிலோவைத் தினமும் அரைமணி நேரம் தாங்கும்படி செய்யப்பட்டவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மோட்டார் சூடாகி பெல்ட் இழுக்க ஆரம்பிக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு மூன்றாவது மாடியில் தொம் தொம் என்று சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். சைக்கிளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பெரும்பாலான மாடல்களில் மீட்டருக்கு இரண்டு பேட்டரி போட்டால் போதும், கரண்ட் போனாலும் மிதிக்கலாம்.

மேக்னடிக் வகையாக, அதாவது சக்கரத்தைத் தொடாமல் காந்தத்தால் இறுக்கம் தருகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சக்கரத்தைக் கட்டை உரசி நிறுத்துகிற பழைய வகையில் சத்தமும் வரும், கட்டையும் தேயும். மெஷின் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள், அது 120-க்குக் குறையாமல் இருக்கட்டும். அப்புறம் முக்கியமான விஷயம், ஆன்லைனில் படம் பார்த்து வாங்காமல் அவரையே கடைக்கு அழைத்துப்போய் பத்து நிமிடம் மிதிக்க வையுங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா சீட்டும் நன்றாகத்தான் இருக்கும். மிதி தூரமாகப் போகும்போது முட்டி முழுக்க நீட்டிக்கொள்ளாமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அப்படி சீட்டை நகர்த்த முடியாவிட்டால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கு வாங்கியதை இடம் இல்லை என்று பால்கனியில் வைத்தோம், மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார். ஹாலில் ஃபேனுக்குக் கீழே, டிவிக்கு எதிரே மாற்றியதும் செய்தி பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் மிதிக்க ஆரம்பித்தார்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை, சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து பத்து நிமிடம் மிதிப்பதே சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகத்துக்கு அந்த அளவு போதும். ஆறு வருடச் சர்க்கரை என்பதால் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடுகிற மாத்திரையோ எடுத்துக்கொண்டால் பக்கத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறுங்காலில் மிதிக்க வேண்டாம், காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் உரசிப் புண்ணானதுகூடத் தெரியாது. நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும்.

கேள்வி: வயது 29, ஓடுவதற்காக டிரெட்மில் வாங்கப் போகிறேன். விளம்பரத்தில் "4 எச்.பி. பீக்" என்று இருக்கிறது. போதுமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: பீக் என்பது மோட்டார் சில நொடிகள் மட்டும் காட்டக்கூடிய சக்தி. அதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், கன்டினியுவஸ், அதாவது நிற்காமல் ஓடும்போது தொடர்ந்து தருகிற சக்தி எத்தனை எச்.பி. என்று கேளுங்கள். நடக்க 2 போதும், ஓடுவதற்கு 2.5 முதல் 3 வரை வேண்டும். பெல்ட்டின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், நீங்கள் உயரமானவர் என்றால் 55 அங்குலத்துக்குக் குறைந்ததில் ஓடும்போது கால் பின்பக்கம் விளிம்பில் படும். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிக்கான் ஆயில் விட வேண்டும், அதை மறந்தவர்கள்தான் மோட்டார் போச்சு என்று வருகிறார்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஓடி முடித்ததும், கழற்றினால் பெல்ட் நின்றுவிடுகிற அந்தச் சிவப்புச் சாவியை (சேஃப்டி கீ) எடுத்து உயரத்தில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஓடுகிற பெல்ட்டில் பிஞ்சுக் கை மாட்டினால் தோலோடு உரித்துவிடும், தயவுசெய்து இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: அரைமணி நேரம் மிதித்தால் மெஷினில் 400 கலோரி என்று காட்டுகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: கூடாது. உங்கள் எடையையே கேட்காத மெஷின் சொல்கிற கணக்கு அது. நேற்றைவிட இன்று அதிகம் மிதித்தோமா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.